அளவு நோட்டின் அறுபத்தோராம் பக்கம்

அந்த அளவு நோட்டு இன்றும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. கெட்டி அட்டை, நீளவாக்கில் தைத்தது, தொண்ணூற்றாறு பக்கங்கள். பக்க எண்களைச் சிவப்பு மையில் இட்டவன் நான். அட்டையின் உட்புறத்தில் 'இந்த நோட்டில் 96 பக்கங்கள் உள்ளன' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டிருக்கிறேன். போர்ட் பிளேரில் ஓர் அரசு ஸ்டோரில் இருப்புப் பதிவேடுகளோடு காலம் கழித்தவனுக்கு அது கைப்பழக்கம். மேசைக்கு ஒரு பதிவேடு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பக்க எண் போட்டுவிடுவோம். அதன் பிறகு யாரும் ஒரு தாளைக் கிழித்துவிட்டு மறைக்க முடியாது. இந்த நோட்டுக்கும் அதைத்தான் செய்தேன். படித்துப் பார்த்தது பிறகுதான்.

நோட்டு எங்கள் தெருத் தையல்காரருடையது. ஜங்லிகாட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முடியும் இடத்தில், சந்து திரும்பும் முனையில் அவர் கடை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கோவில் பூசைக்குப் போவதற்கு மட்டும் கடையைச் சாத்துவார். பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குக் கவுனும் தவிர வேறெதுவும் தைக்க மாட்டார். ஊரிலிருந்த அவருடைய அக்காவுக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் என்னிடம் வருவார். நான் நாட்குறிப்பு எழுதுவது அவருக்கு வேடிக்கை.

"பாபு, இன்னிக்கு எத்தன கொசு கடிச்சுதுன்னும் எழுதிருப்பீங்களே?" என்பார். ஆபீஸ் குமாஸ்தா என்றால் தீவில் எல்லோருக்கும் பாபுதான்.

எழுபதுகளின் தொடக்கம். ஒரு மழைக்கால வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார் டாக்டர். இறப்பதற்கு ஓராண்டு முன்பு என்னைக் கொண்டே ஓர் உயில் எழுதவைத்து, கோவிலைச் சேர்ந்த இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார். அதை நிறைவேற்றும் பொறுப்பு என்னுடையது என்றும் அதிலேயே இருந்தது. மெஷினும் போஸ்டாபீஸ் சேமிப்பும் அக்காவுக்கு. அதன் கீழே இன்னொரு வரி: 'அளவு நோட்டில் பென்சிலால் எழுதியிருப்பது என் பணம் அல்ல. அதை உரியவர்களிடம் சேர்க்க வேண்டும்.' எழுதிய நாளில் அதன் அர்த்தத்தைக் கேட்டேன். "நேரம் வரும்போது நோட்டப் பாருங்க, புரியும்" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு பெண். உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து. பெயர் கிடையாது. பெயருக்குப் பதிலாக மேல் ஓரத்தில் அந்தப் பெண் கொடுத்த துணியில் ஒரு விரற்கடைத் துண்டு. தீவுக் காற்றில் குண்டூசி பத்தே நாளில் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கிவிடும். அதனால் ஊசி குத்தாமல் ஒரே ஒரு தையல் போட்டுத் துண்டைத் தாளோடு சேர்த்திருந்தார். பதினேழு பக்கங்களில் மட்டும் அளவுகளுக்குக் கீழே பென்சிலில் தேதிகளும் சின்னச் சின்னத் தொகைகளும் இருந்தன. இரண்டு ரூபாய். ஒன்றேகால். மூன்று.

ஒரு பெண் தனியாகப் போஸ்டாபீசுக்குப் போய் வரிசையில் நின்றால் சாயங்காலத்துக்குள் அவள் கணவனுக்குத் தெரிந்துவிடும். தையல்கடைக்குத் துணிப்பையோடு போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துணி மடிப்புக்குள் காசை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைத் தன் பெயரில் போஸ்டாபீசில் போட்டு, இங்கே பென்சிலில் குறித்திருக்கிறார்.

வக்கீலிடம் போனேன். மலையாளி, எனக்குச் சமவயது, பொறுமைசாலி. கோர்ட் அந்த உயிலை ஒப்புக்கொண்டு சான்று தர வேண்டும். அதற்குப் புரோபேட் என்று பெயர். அது இல்லாமல் போஸ்டாபீஸ் ஒரு பைசாவும் தராது என்றார். மனுவோடு இரண்டு பட்டியல்கள் வைக்க வேண்டும். ஒன்றில் இறந்தவரின் சொத்து. இன்னொன்றில், அவர் பேரில் இருந்தாலும் அவருடையது அல்லாதது. இரண்டாவது பட்டியலில் யார், யாருடைய மனைவி, எங்கே குடியிருப்பு, எவ்வளவு தொகை என்று நான்கு கட்டங்கள். எல்லாம் முழுமையானது, உண்மையானது என்று நான் சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டும்.

"நோட்டையும் கொடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"தகராறு வராத வரைக்கும் பட்டியல் போதும். யாராவது ஆட்சேபம் சொன்னா நோட்டை ஃபைலில் சேர்க்கச் சொல்வாங்க. சேர்த்தாச்சுன்னா அது கோர்ட் காகிதம். ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டா யாருக்கு வேணும்னாலும் நகல் கிடைக்கும்."

"யாருக்கு வேணும்னாலுமா?"

"பக்கத்து வீட்டுக்காரனுக்கும்தான்."

பெயர்கள் இல்லாத நோட்டுக்குப் பெயர்கள் கண்டுபிடிக்க வேண்டும். என் மனைவி குழாயடியில் ஒன்றிரண்டு பேரிடம் மெதுவாகச் சொன்னாள். இரண்டு சனிக்கிழமை மதியங்களில் அவர்கள் எங்கள் சமையலறைப் பக்கக் கதவு வழியாக ஒருவரும் இருவருமாக வந்தார்கள். தமிழ்ப் பெண்கள்தான் அதிகம். இரண்டு வங்காளிகள், ஒரு தெலுங்குக்காரி. பலருக்கும் படிக்கத் தெரியாது. தாங்களே பக்கத்தைப் புரட்டித் தங்கள் துணியைக் கண்டதும் அதன்மேல் விரல் வைப்பார்கள். நான் பெயர் கேட்டு எழுதிக்கொள்வேன்.

"அண்ணே, அந்த நம்பரெல்லாம் பாக்காதீங்க. அது இடுப்பு" என்றாள் மீன் விற்கும் ஒருத்தி.

"பாத்தா என்ன? அது போன வருசத்து இடுப்பு. இப்ப இன்னும் ரெண்டு கூட்டிக்கிடணும்" என்று அவளோடு வந்தவள் சொல்ல, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஒவ்வொருத்தி வந்தபோதும் அவள் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். நோட்டின் அருகே வரவில்லை.

கடைசியாக வந்தவள் எங்களுக்கு மூன்றாம் வீட்டுக்காரி. லாரி டிரைவரின் மனைவி. இருபத்தைந்து வயது இருக்கலாம். இராமநாதபுரத்துக் கடலோரம் சொந்த ஊர். இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. அவள் பக்கம் முப்பத்து நான்கு. ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட துணி. மற்ற பக்கங்களில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் அவள் தன் பெயரை எழுதியிருந்தாள். முதலில் கோணலாக, போகப்போக நேராக. தையல்காரர்தான் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கணவனுக்கு அது தெரியாது.

"அண்ணே, என் காசு போனாப் போவுது. எம் பேர மட்டும் எழுதாதீங்க."

"உன் பேரை எழுதலைன்னா பணம் தையல்காரரோட அக்காவுக்குப் போயிடும்மா."

"போவட்டும்ணே. கப்பல் கூலிக்கு இன்னும் கொஞ்சந்தான் பாக்கி இருந்துச்சு. பரவால்ல, வேற வழி பாத்துக்கிடறேன். அவருக்குத் தெரிஞ்சா என்னயக் கப்பலேற விடமாட்டாரு. போன தடவ கையி. காலு இன்னும் முழுசா இருக்குல்ல?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். இடது முழங்கைக்குக் கீழே எலும்பு சற்று விலகிக் கூடியிருந்ததை நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தார்கள். குழந்தையோடு மெயின்லேண்டு போய்த் தன் அக்கா வீட்டில் இருந்துகொள்வது அவள் திட்டம். அதற்காக ஒன்றரை ஆண்டுகளாக ரவிக்கைத் துணிக்குள் காசு வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் போன பிறகு என் மனைவி அரிசியை முறத்தில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவ பேர விட்டுடுங்களேன்."

"சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடறேன். ஒரு பேரை விட்டாலும் பொய்."

"ஒரு பொய் சொன்னாக் கப்பல் கவுந்துருமாக்கும்?"

"அவ பணம் அவளுக்கே கிடைக்கணும்னுதான் எழுதறேன். அதான் நியாயம்."

"எல்லாரையும் எழுதப்போறீங்களா?"

"எல்லாரையும்."

அவள் கல் பொறுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து முறத்தோடு உள்ளே போய்விட்டாள்.

பதினேழு பக்கங்கள், வந்து விரல் வைத்தவர்கள் பதினாறு பேர். மறுநாள் காலை மிச்சமிருந்த பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தொன்று. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அது என் மனைவிக்கு நான் வாங்கிய துணி. என் நாட்குறிப்பைப் புரட்டினேன். அபர்தீன் பஜாரில் கடை, விலை, கஜம் எல்லாம் முந்தைய பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு என் கையெழுத்திலேயே இருந்தன. துணிக்குக் கீழே அளவுகள். எனக்கு அவற்றை வைத்து அவள்தான் என்று சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் அவளுடைய ரவிக்கைத் துணிகளின் விலை எனக்குத் தெரிந்திருந்தது; அவள் கை நீளம் தெரியாது.

பென்சில் தேதிகளை என் நாட்குறிப்போடு ஒப்பிட்டேன். ஒவ்வொரு தேதியிலும் நான் ஊரில் இல்லை. பாராடாங் டூர், ஹட் பே டூர், மீண்டும் பாராடாங். ஒன்றுகூடத் தவறவில்லை. நான் கப்பல் ஏறிய ஒவ்வொரு முறையும் அவள் தையல்கடைக்குப் போயிருக்கிறாள். மொத்தத் தொகை, லாரி டிரைவரின் மனைவி சேர்த்ததைவிட அதிகம்.

அவள் எதற்காகச் சேர்த்தாள்? அன்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பட்டியலைத் தட்டச்சு செய்தேன். பதினாறு பெயர்கள். அறுபத்தோராம் பக்கத்தை எழுதவில்லை. அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது: நான் விட்டது என் வீட்டுப் பணம். இதனால் நஷ்டப்படுவது நான்தான், யாரையும் ஏமாற்றவில்லை. பதினோராவது பெயராக லாரி டிரைவரின் மனைவியின் பெயரைத் தட்டும்போது கை நின்றது. அவள் கேட்டதைத்தான் என் வீட்டுக்கு நான் செய்துகொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் அவள் பணம், அவளுக்கு உரியது என்று தட்டினேன். கணவர் பெயர், குவார்ட்டர்ஸ் எண், தொகை. எழுத்துப் பிழை இல்லை. அடுத்த நாள் கோர்ட்டில் வலது கையை உயர்த்தி, எல்லாம் முழுமையானது, உண்மையானது என்றேன்.

பணம் உரியவர்களுக்கே போக வேண்டும் என்று உயில் சொல்வதால், பட்டியலில் உள்ள பதினாறு பேருக்கும் நோட்டீஸ் அனுப்பும்படி நீதிபதி உத்தரவிட்டார். வக்கீல் திருப்தியாக இருந்தார். நானும்தான். வீட்டில் வந்து சொன்னேன்.

"நோட்டீஸ் யாரு கையில குடுப்பாங்க?" என்றாள் மனைவி.

"யார் பேர் இருக்கோ அவங்க கையில."

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு ஸ்டோருக்கு வந்த கயிற்றுச் சுருள்களை எண்ணி வாங்க ஜங்லிகாட் ஜெட்டிக்குப் போனேன். மழை விட்டிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் கோர்ட் பியூன் உட்கார்ந்திருந்தான். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், வாய் ஓயாதவன். அவனைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள்.

"ஆவோ, வாங்க பாபு! உங்க கேஸ்தான். பதினாறு நோட்டீஸ்ல பதினொண்ணு இங்கயே முடிஞ்சிருச்சு. இனிமே வீடு வீடா மேடு ஏற வேணாம்."

"அது பொம்பளைங்க பேருக்கு வந்ததாச்சே?"

"காலைலயே போனேன் பாபு, கதவெல்லாம் தட்டினேன். அத்தன பேரும் குழாயடில. ரூல் இருக்கு பாபு. ஆளு வீட்ல இல்லன்னா குடும்பத்துல வயசு வந்த ஆம்பள கையெழுத்துப் போட்டாப் போதும். பஸ், காம் கதம், வேல முடிஞ்சிச்சு."

ஆண்கள் தாள்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் எண்கள் தெரியும்.

"உன்னுது நாப்பது, என்னுது அறுபத்தேழு. இனிமே என்னய சேட்டுன்னு கூப்புடுறா."

"உம் பொண்டாட்டிதானடா சேட்டு? நீ யாரு?"

"அடேய், முந்தாநாளு எண்ணெய்க்குக் காசில்லன்னு எங்கிட்ட அழுதாளேடா!"

சிரித்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வயதானவர், வலை பின்னுகிறவர். "ரவிக்க தைக்கக் குடுத்தேன், ரவிக்க தைக்கக் குடுத்தேன்னு சொல்லுவா. ஒருத்திக்கு எத்தன ரவிக்கடா?" என்றார். யாருக்கும் சொல்கிற மாதிரி இல்லை. அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. சிலர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீன் வாங்காமலே மேடேறினார்கள்.

லாரி டிரைவர் கடைசியாக வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தெருவில் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் சொல்வான். பியூன் நீட்டிய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. பாபு சார், நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

பியூன் அங்கேயே நின்றான். வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்க எனக்கு வாய் வரவில்லை. தாளில் இருந்ததை இருந்தபடியே தமிழில் சொன்னேன். அவன் மனைவியின் பெயர். அவன் பெயர். தையல்காரர் வசம் இருந்த தொகை. கோர்ட்டுக்கு வரவேண்டிய நாள்.

"இன்னொரு தடவ சார். தொகைய மட்டும்."

சொன்னேன்.

"அன்னிக்கு அவ வந்து இதுல கைநாட்டு வைக்கணும், அப்படித்தானே?"

கைநாட்டு என்றான். அவளுக்கு எழுதத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எதுக்குச் சேத்தாளாம்? அது எழுதிருக்கா?"

"இல்லை."

"பரவால்ல சார். நான் கேட்டுக்கறேன்." டீக்கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்தினான். "சார் டீ சாப்பிடுங்க. நீங்க இல்லன்னா எனக்கு இதெல்லாம் தெரியவா போவுது?"

குடிக்காமல் எழுந்து போயிருக்கலாம். குடித்துவிட்டுத்தான் போனேன். கயிற்றுச் சுருள்களை எண்ணாமலே கையெழுத்திட்டது அந்த ஒரு நாள்தான்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் செருப்புகூடப் போடாமல் மூன்றாம் வீட்டுக்குப் போனாள். உடனே திரும்பி வந்தாள். வெளியே பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம்: அரை மணிக்கு முன்னால் லாரி வந்தது, பெட்டி ஒன்று ஏற்றினார்கள், தாயும் பிள்ளையும் முன்னால் ஏறி உட்கார்ந்தார்கள். பாராடாங்கில் அவன் அண்ணன் வீட்டில் விசேஷம் என்று சொன்னானாம். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம்.

எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் விடுவது காலையில் ஒன்றரை மணி நேரம்தான். முந்தின நாள் தண்ணீர் நின்றவுடனேயே பெண்கள் வாளிகளை வரிசையில் வைத்துவிடுவார்கள். வாளி நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. அவள் வாளியும் அன்று வரிசையில் இருந்தது. பச்சை எனாமல், விளிம்பில் கறுப்பாகப் பெயர்ந்திருக்கும். வியாழக்கிழமை காலை நான் பார்த்தபோது வரிசை நகர நகர யாரோ அதையும் காலால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதன் முறை வந்தபோது ஒருத்தி நிரப்பி ஓரமாக வைத்தாள். வெள்ளிக்கிழமை வெறும் வாளியாக வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமை யாரோ அதைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மற்றப் பெண்கள் என் மனைவியோடு பேசுவதை அந்த வாரம் நிறுத்திவிட்டார்கள். ஒருத்திக்கு உதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிக்கொள்வார்கள். எங்கள் சமையலறைக் கதவு வழியாகச் சிரித்துக்கொண்டு வந்த அதே பெண்கள்.

விசாரணை நாளில் அநேகமாக எல்லாப் பெண்களும் கணவன்மாரோடு வந்தார்கள். சிலர் சார்பில் கணவன் மட்டும் வந்தான். லாரி டிரைவர் தனியாக வந்தான். கையில் ஒரு மனு. மனைவிக்கு உடம்பு சரியில்லை, பாராடாங்கில் இருக்கிறாள், அவள் பணத்தை வாங்கிக்கொள்ளக் கணவனுக்குச் சம்மதம் தருகிறாள் என்று யாரோ மனு எழுதுகிறவர் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. எங்கள் தரப்புப் பார்வைக்காக வக்கீல் அதை வாங்கி என்னிடம் காட்டினார்.

ரேகை மிகத் தெளிவாக இருந்தது. தானாக விரல் வைப்பவர்களுடைய ரேகை கொஞ்சம் இழுபடும். ஸ்டோரில் கூலிப் பட்டியலில் ஆயிரம் ரேகைகள் பார்த்தவன் நான். இது அசையாமல் பதிந்திருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவள், அதைத் தன் பெருமையாக ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் எழுதி வைத்தவள், ஏன் ரேகை வைத்தாள்? அவளாகத்தான் வைத்தாளா? முதலில் இது அவள் விரல்தானா?

வக்கீல் என் முகத்தைப் பார்த்தார். "ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. நோட்டில் வேற மாதிரி இருக்கா? நோட்டை எடுத்துக் கொடுத்தாப் போதும். அவளை நேரில் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வாங்கிடலாம்."

நோட்டு என் கைப்பையில் இருந்தது. முப்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். ஆனால் பக்கத்தை மட்டும் கொடுக்க முடியாது. நோட்டு முழுவதையும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அறுபத்தோராம் பக்கமும் போகும். பட்டியலில் பதினாறு, நோட்டில் பதினேழு. நான் செய்த சத்தியம் பொய் என்று ஆகும். அந்த நீலத்துணி யாருடையது என்று கேட்பார்கள். ஜங்லிகாட்டில் அந்த ரவிக்கையைப் பார்க்காத பெண் இல்லை. நான் ஊரில் இல்லாத நாட்களெல்லாம் கோர்ட் காகிதத்தில் வரிசையாக நிற்கும். ஸ்டாம்பு ஒட்டியவனுக்கெல்லாம் நகல். அந்தத் தாளைக் கிழித்துவிடவும் வழி இல்லை. தொண்ணூற்றாறு பக்கங்கள் என்று அட்டையில் நானே கையெழுத்திட்டிருக்கிறேன்.

அத்தனை பெண்களின் உடல் அளவும் கோர்ட் ஃபைலுக்குப் போவது தகாது என்றும் ஒரு நினைப்பு வந்தது. கௌரவமான நினைப்பு. அதைப் பற்றிக்கொண்டேன்.

நீதிபதி தலை நிமிர்ந்தார். உயிலை நிறைவேற்றுபவருக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா?

"இல்லை" என்றேன்.

மூன்று நிமிடத்தில் முடிந்தது. லாரி டிரைவர் வராந்தாவில் எனக்கு வணக்கம் சொன்னான்.

மெயின்லேண்டு கப்பல் அந்த வெள்ளிக்கிழமை புறப்பட்டது. சங்கு ஊதியபோது நானும் மனைவியும் வீட்டில் இருந்தோம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மனுவுல அவ கையெழுத்தா, ரேகையா?"

நான் அவளிடம் மனுவைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. வராந்தாவில் நின்ற யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

"ரேகை."

"அவதான் எழுதுவாளே."

"தெரியும்."

"சொன்னீங்களா?"

"சொன்னா நோட்டைக் கொடுத்திருக்கணும்."

அவள் கை நின்றது.

"எம் பக்கம் அதுல இருக்குன்னா?"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"எனக்குன்னு நான் ஒண்ணும் கேக்கலையே உங்ககிட்ட. அவளுக்குத்தான கேட்டேன்."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சேர்த்திருந்த தொகை, நான் எழுதாமல் விட்டதால், தையல்காரரின் பணமாகி அவருடைய அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே அளவு பணத்தை என் சம்பளத்திலிருந்து எடுத்து ஒரு கவரில் போட்டு அவள் டிரங்குப் பெட்டிமேல் வைத்தேன். ஒரு மாதம் அங்கேயே இருந்தது. நானே எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் எந்தத் தையல்காரரிடமும் ரவிக்கை கொடுத்ததில்லை, கையால் தைத்துக்கொள்கிறாள். நான் ஓய்வு பெறும்வரை டூர் போகும் தேதியை இரண்டு நாள் முன்பே கேட்டு வைத்துக்கொள்வாள். வேறு எங்கோ சேர்த்தாள் என்று நினைக்கிறேன். எங்கே என்று தெரியாது.

டிரைவர் ஜங்லிகாட்டுக்குத் திரும்பி வரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு இருப்புச் சரிபார்க்க ஹட் பே போனேன். குடியேற்றம் அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்தது. மரம் இழுக்க லாரிகள் வந்திறங்கிய காலம். ஜெட்டியிலிருந்து நடந்துவரும்போது ஒரு டீக்கடையிலிருந்து, "பாபு சார், சௌக்கியமா?" என்று குரல் கேட்டது. அதே வெள்ளைச் சட்டை. பக்கத்தில் பெஞ்சில் அந்தப் பெண்குழந்தை, வளர்ந்திருந்தாள். அவளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருந்தான். டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"டீ சாப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே சொல்லப் போனான்.

நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம். அவள் போட்டிருந்தது ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட சட்டை, முப்பத்து நான்காம் பக்கத்துத் துணி. பெரியவர்களின் ரவிக்கையைப் பிரித்துக் குழந்தைக்கு ஆக்கியது. தாய்மார்கள் அப்படித் தைத்துப் போடுவது வழக்கம்தான். ஆனால் அந்தத் தையல் பெரிது பெரிதாக, கோணியைச் சேர்த்துத் தைப்பது போல இருந்தது. ஒரு தோளில் நூல் முடிச்சு வெளிப்பக்கம் விழுந்திருந்தது. ஊசி பிடித்துப் பழகாத ஆண் கை.

அம்மா எங்கே என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. குழந்தை என்னைப் பார்த்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அவன் இரண்டு கிளாசோடு திரும்பி வந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான்.

அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: 'ஹட் பே. மாலை தூறல். சரக்கு சரியாக இருந்தது. ஜெட்டியருகே டீ.'